வெள்ளை வயரின் பாதை

இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.பி.எம். மீட்டரின் ஊசி மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸுக்குச் சொந்தக்காரி பத்தொன்பது வயதுப் பயிற்சி மெக்கானிக். ஓட்டுநர் இருக்கையில் தலைகீழாகச் சரிந்து, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, 1966-இல் பிறந்த ஓர் எம்.ஜி.பி. காரின் வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, அபிங்டன் ஊருக்குச் சில மைல் தள்ளி, பழைய தானியக் கொட்டகை ஒன்றில் நடக்கிறது அந்தப் பட்டறை. எம்.ஜி. கார்களின் சொந்த ஊர் அபிங்டன். 1929 முதல் 1980 அக்டோபர் வரை அங்கே தொழிற்சாலை இயங்கியது. அங்கே கட்டிய எம்.ஜி.பி. கார்கள் மட்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டும். பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. உள்ளூரில் தங்கியவற்றுக்கு வைத்தியம் பார்க்க இன்னும் இப்படிச் சில கொட்டகைகள் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது.

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். கார் மின்வேலை மட்டுமே செய்கிறார். அவர் முதலில் எடுத்த கருவி மல்டிமீட்டர் இல்லை, ஒரு நோட்டுப் புத்தகம். "கடைசியா இந்த டாஷ்போர்டுல கை வெச்சது யாரு? எதுக்காக?" என்று உரிமையாளரைக் கேட்டார். நான்கு வருடம் முன்பு வாங்கியபோதே ஊசி இப்படித்தான் கிடந்தது என்றார் அவர். அதற்கு முன்னால் இஞ்சின் ஓடும்போதே அடிக்கடி அணைந்துபோகும் கோளாறு இருந்து, யாரோ சரிசெய்து கொடுத்ததாக விற்றவர் சொன்னாராம். பெரியவர் அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டார்.

ஏன் என்று புரிய, இந்த மீட்டர் எண்ணும் விதத்தைப் பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.யின் இஞ்சினில் நான்கு சிலிண்டர். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு தீப்பொறி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 பொறி. ஒவ்வொரு பொறிக்கும் இக்னிஷன் காயிலில் ஓடும் மின்சாரம் ஒரு முறை அறுபடுகிறது. அந்த அறுபடலை எண்ணுவதுதான் ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த இந்த மீட்டரின் வேலை. சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வெள்ளை வயர், வழியில் மீட்டரின் முதுகிலுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் சுற்றி வளைந்துவிட்டுப் போகும். வயர் மீட்டருக்குள் எங்கும் இணையாது. சுற்றிப் போகும்போதே, அதில் ஓடும் சுமார் 4 ஆம்பியரின் ஏற்ற இறக்கத்தை மீட்டர் உணர்ந்துகொள்ளும். முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆர்.வி.ஐ. என்ற எழுத்துகள் இந்த வகையைக் குறிக்கின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஆர்.வி.சி. வகைக்கு இந்த வளையம் கிடையாது. காயிலிலிருந்து தனியாக ஒரு வயர் வந்து அதற்குச் செய்தி சொல்லும்.

"அப்ப யோசிச்சுச் சொல்லு. இஞ்சின் ஓடுது. வளையம் அறுந்திருக்குமா?" என்றார் பெரியவர்.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பதில் வர அரை நிமிடம் ஆனது. "அறுந்திருந்தா காயிலுக்குக் கரண்டே போகாது. இஞ்சின் நின்னுருக்கும். ஒண்ணு வளையம் முழுசா இருக்கு. இல்லன்னா அதைத் தாண்டி யாரோ வழி போட்டிருக்காங்க."

பெரியவர் தலையாட்டினார். ஆனாலும் அந்த முடிவுக்கு நேராகப் பாய விடவில்லை. வரிசைப்படி போகச் சொன்னார்: முதலில் சப்ளை, அடுத்து எர்த், கடைசியில்தான் சிக்னல்.

மீட்டருக்கு மின்சாரம் தருவது பச்சை வயர். சாவியைத் திருப்பி அளந்தாள். 12.3 வோல்ட், குறையில்லை. இந்தக் கார் பாசிட்டிவ் எர்த் என்பதால், சிவப்பு முனை பாடியில், கறுப்பு முனை பச்சை வயரில். 1967 கடைசியில் ஆல்டர்னேட்டர் வரும்வரை எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது. அடுத்து எர்த். டாஷ்போர்டு விளக்குகளைப் போட்டுவிட்டு, மீட்டரின் உலோகக் கூட்டுக்கும் சுரண்டிச் சுத்தம் செய்த பாடித் தகட்டுக்கும் இடையே அளந்தாள். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும், 0.8 வோல்ட் காட்டியது. கறுப்பு வயரைப் பிடித்திருந்த நட்டுக்கு அடியில் துரு. சாவியை அணைத்து, இருக்கைகளுக்குப் பின்னால் மூடிக்கு அடியில் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, நட்டையும் வயர் முனையையும் எமரித் தாளால் தேய்த்தாள். மறுபடி இணைத்து அளந்தபோது 0.02.

இஞ்சினை ஓட்டினார்கள். ஊசி அசையவில்லை.

பட்டறையில் நான் பார்த்ததில் இந்த நிமிடம்தான் என் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஒரு கோளாறு கையில் கிடைத்து, அதைச் சரிசெய்தும் வியாதி தீரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் வாடியது. பெரியவர் நோட்டில் "எர்த்: சரி" என்று குறித்தார். "இது வீண் இல்ல. இனிமே எர்த் மேல சந்தேகப்பட வேண்டாம்" என்றார்.

பேட்டரிகளை மறுபடி கழற்றி, பின்பக்கத்து இரண்டு நட்டுகளைத் திருகி, மீட்டரை முன்னால் இழுத்தார்கள். பிரிட்டிஷ் கார்களின் வயர் நிறங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி திறந்தால் வருவது. பச்சை, அதே மின்சாரம் ஃபியூஸைத் தாண்டி வருவது. சிவப்பு, சைடு விளக்குகளுக்கு. நீலம், ஹெட்லைட்டுக்கு. கறுப்பு, எர்த். வெள்ளையில் கறுப்புக் கோடு, காயிலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே. இந்த வயர்களைக் கட்டிவைத்த கைகள் ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அவர்கள் சொல்ல நினைத்தது இன்னும் அழியாமல் இருக்கிறது. நிறம் தெரிந்தவர் டார்ச் வெளிச்சத்தில் அதைப் படித்துவிடலாம்.

அந்தப் படிப்பின் நடுவே ஒரு பொய்ச் சொல் நின்றது. பிளாஸ்டிக் கட்டை வெறுமையாக இருந்தது. அதற்குச் சற்று முன்னால் வெள்ளை வயரை வெட்டி, இரண்டு முனைகளையும் ஒரு சாண் நீளச் சிவப்பு வயரால் சேர்த்து, டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால், வெட்டிய வெள்ளை முனையில் செம்பு கறுத்துப் பொடிந்திருந்தது. இஞ்சின் அடிக்கடி அணைந்ததற்குக் காரணம் அந்தப் பொடிந்த இணைப்பு. அன்று அதைச் சரிசெய்தவர் காரை ஓட வைத்துவிட்டார். மீட்டர் ஊமையானதை அவர் கண்டுகொள்ளவில்லை. சிவப்பைப் பார்க்கும் அடுத்த ஆள் சைடு விளக்கு வயர் என்று நினைத்துவிடுவாரே என்பதும் அவருக்குத் தோன்றவில்லை.

கறுத்த பகுதியை நறுக்கி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உள்ளே போய், அதே கனத்தில் புது வெள்ளை வயர் சேர்த்து, முனைகளுக்கு ஈயம் வைத்து, அவள் வளையத்தைக் கட்டையில் சுற்றினாள். இஞ்சின் உறுமியது. ஊசி துடித்தது, ஏறவில்லை.

"எந்தப் பக்கத்துல இருந்து கோத்த?"

கைப்பேசியில் பார்த்த படத்தின்படி கோத்ததாகச் சொன்னாள். படம் நெகட்டிவ் எர்த் காருக்கானது. இந்தக் காரில் மின்சாரம் பாடியிலிருந்து காயில் வழியாகச் சாவிக்கு ஓடுகிறது. வளையத்தில் அதன் திசை எதிர். அவளே கண்டுபிடித்து, திருப்பிக் கோத்தாள். இந்த முறை ஊசி எழுந்து 900-இல் நின்றது. உரிமையாளர் கைதட்டிவிட்டார்.

பெரியவர் தட்டவில்லை. தனி மீட்டர் ஒன்றைப் பொருத்தி ஒப்பிட்டார். நிஜத்தில் 3,000 இருக்கும்போது இது 3,300 காட்டியது. உள்ளே இருக்கும் பழைய கப்பாசிட்டர்கள் வயதாகித் தளர்ந்தால் இப்படி நடக்கும். பின்பக்கத்துச் சிறு துளைக்குள் திருகைத் தொட்டுத் தொட்டு 3,000-க்குக் கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. வேறு காரின் மீட்டரைப் பொருத்துவதால் வரும் குழப்பத்தையும் அப்போது சொன்னார். 1967 முதல் 1969 வரை வந்த எம்.ஜி.சி.க்கு ஆறு சிலிண்டர், சுற்றுக்கு மூன்று பொறி. அதன் மீட்டரை இந்த நான்கு சிலிண்டர் காரில் வைத்தால் 3,000-ஐ 2,000 என்று காட்டும். வயரிங்கில் நாள் முழுக்கத் தேடினாலும் கோளாறு கிடைக்காது.

மாலை நான்கு மணிக்கு டாஷ்போர்டு மூடியது. அவள் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் தேதி போட்டு எழுதினாள்: எர்த் நட்டு சுத்தம்; வெள்ளை வயர் இன்ன இடத்தில் புதிது; வளையம் பாசிட்டிவ் எர்த் திசையில்; எர்த்தை மாற்றினால் மீட்டரின் உள்ளேயும் மாற்ற வேண்டும். பெரியவர் படித்துப் பார்த்து, "இன்ன இடம்னா எந்த இடம்? கட்டையிலிருந்து எத்தனை அங்குலம்?" என்றார். அவள் எழுந்து, ஸ்கேலை எடுத்துக்கொண்டு, மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தாள்.