சத்திரக்காரரின் பெயர்

இங்கிலாந்தின் பழைய ஊர்களிலுள்ள மதுவிடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. உரிமம் பெற்றவரின் பெயரை வாசலின் மேல் எழுதி வைப்பர். சில விடுதிகளின் உட்சுவரில் முதல் உரிமையாளர் தொடங்கி இன்றையவர் வரை அனைவருடைய பெயர்களும் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கும். மன்னர்களுக்குப் பட்டியல் இருப்பது போலச் சத்திரக்காரர்களுக்கும் ஒரு பட்டியல்!

இவற்றுள் புகழ்மிக்கது இலண்டனின் சதக் பகுதியில் இருந்த 'டாபர்டு' விடுதி. 1170-இல் கொலையுண்ட புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறையைத் தரிசிக்கக் கான்டர்பரிக்குச் செல்லும் திருப்பயணிகள் அங்கே தங்குவர். கவிஞர் சாசர் தம் கதைகளை அங்கிருந்தே தொடங்குகிறார். அவர் காட்டும் விடுதிக்காரர் ஹாரி பெய்லி வெறும் கற்பனை மாந்தர் அல்லர்; அதே பெயருடைய விடுதிக்காரர் ஒருவர் 1376-இல் சதக் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். விடுதி 1676-இல் எரிந்தது, மீண்டும் எழுந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. விடுதிக்காரரின் பெயரோ அறுநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

நம் நாட்டிலும் வழிப்போக்கர்கள் இருந்தனர். அவர்களுக்கு இடமும் இருந்தது. ஆனால் நம் சத்திரத்தில் சோறு விலைக்கு விற்கப்படவில்லை. ஆகவே சத்திரத்தைக் கட்டியவரின் பெயர் கல்வெட்டில் நின்றது. கதவைத் திறந்தவரின் பெயர் நிற்கவில்லை.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, லுத்தரன் போதகர் சுவார்ட்சின் மாணவர். 1799 உடன்படிக்கையால் ஆட்சியை ஆங்கிலேயக் கும்பெனியிடம் ஒப்படைத்தவர், 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டை இழந்தவர் அதில் முக்கியமாகக் கேட்பது சத்திரங்களை. அங்கே என்ன நடக்கிறது என்பதையும் விரிவாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லாரும், யோகியரும் ஜங்கமரும் சோறு பெறுகின்றனர். சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மளிகையும் தனியே தரப்படுகின்றன. (சாதிக் கட்டுப்பாடு சத்திரத்து வாசலில் கரைந்துவிடவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.) நோயுற்ற பயணிக்கு மருத்துவரும் பத்திய உணவும் உண்டு. பச்சிளங்குழந்தைக்குப் பால்; கருவுற்ற பெண்ணுக்குப் பராமரிப்பு. அநாதைச் சிறுவர்களை ஆசிரியர் ஒருவர் ஏற்று, உணவளித்துக் கல்வியும் தருகிறார். அங்கேயே இறப்பவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கும் நடக்கிறது.

அக்கடிதத்தில் ஓரிடத்தை நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறோம். நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று உரக்க அறிவிக்கப்படும். அந்த மணியை அடித்தவர் யார்? நாள் முழுதும் உழைத்து, கண்ணயரும் வேளையில் எழுந்து, இருளை நோக்கிக் கூவிய அந்தப் பணியாளருக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லை.

1855-இல் சரபோஜியின் மகன் இறந்ததோடு தஞ்சை அரசு முடிந்தது. சத்திரங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம், பின்னாளில் மாணவர்கள் தங்கும் இடமாயிற்று.

சொற்களும் இடம் பெயர்ந்துவிட்டன. நல்ல சமாரியர் அடிபட்டவரைக் கொண்டு சேர்த்த இடத்தைப் பழைய தமிழ் விவிலியம் 'சத்திரம்' என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'சாவடி' என்கிறது. இன்று சாவடி என்றால் நம் நினைவுக்கு வருவன வாக்குச்சாவடியும் சுங்கச்சாவடியும்தாம். சென்னைப் பேச்சில் சத்திரம் என்பது கல்யாண மண்டபம். முன்பின் அறியாதவருக்காகக் கட்டப்பட்ட இடத்தின் பெயர், அழைப்பிதழ் உள்ளவர் மட்டும் நுழையும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மாடம்பாக்கத்தில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. தென்மாவட்ட ரயில்களில் வருவோர் பலர் தாம்பரத்திலேயே இறங்குகின்றனர். அருகிலேயே, மருத்துவர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்கென நிறுவிய சானடோரியம், இன்று அரசு மருத்துவமனையாக நிற்கிறது. கணவரை அங்கே சேர்த்துவிட்டு வெளியே நின்ற ஓர் அம்மையார், "இங்கே பக்கத்தில் சத்திரம் இருக்கிறதா ஐயா?" என்று சென்ற ஆண்டு நம்மிடம் வினவினார். தங்கும் விடுதியின் ஒரு நாள் வாடகை, அவர் தம் ஊரில் ஒரு வாரம் ஈட்டும் கூலி. இருட்டும் வேளையில், முகூர்த்தமில்லாத நாளாகையால் பூட்டிக் கிடந்த மண்டபம் ஒன்றின் படியில் அவர் துணிப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்ததைக் கண்டோம். அன்றிரவு மட்டும் நம் வீட்டில் தங்கினார்.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசினோம். மூன்று வீட்டார் மொட்டைமாடி அறையை ஒழித்துத் தர முன்வந்தனர். சமையலைப் பற்றி எவரும் தயங்கவில்லை. முதலில் எழுந்த கேள்வி, வருவோரிடம் ஆதார் அட்டை கேட்பதா என்பது. அதற்கு விரைவிலேயே விடை கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு அன்று நெடுநேரம் பேசினோம்: நள்ளிரவு ரயிலில் வருபவருக்கு எழுந்து கதவைத் திறப்பது யார்?