இந்தக் குரலுக்கு யார் பாட்டு?

உங்கள் சுபாவம் எந்த ரஷ்ய இசையமைப்பாளரோடு பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மழைநாளில் என்ன செய்வீர்கள், கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா என்று நாலைந்து கேள்விகள். சோகம் என்றால் சாய்கோவ்ஸ்கி, ஆவேசம் என்றால் முசோர்க்ஸ்கி, நிதானம் என்றால் போரோதின் என்று விடை வந்துவிடும். திருநெல்வேலிப் பக்கம் பாட்டு சொல்லித்தருகிறவர்கள் கிட்டத்தட்ட இதே வேலையை வருடம் முழுக்கக் கேள்வித்தாள் இல்லாமல் செய்கிறார்கள். பிள்ளை வர்ணம் முடித்துக் கீர்த்தனைக்கு வரும்போது, முதலில் யாருடைய உருப்படியைக் கொடுப்பது என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்த முடிவு பிசகினால் பிள்ளை கொஞ்ச நாளில் வகுப்புக்கு வராமல் நின்றுவிடும்.

கர்நாடக சங்கீதத்தில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. தியாகராஜர் திராட்சை, சியாமா சாஸ்திரி வாழைப்பழம், தீட்சிதர் தேங்காய். ஒன்று வாயில் போட்டதும் கரையும், ஒன்றுக்குத் தோலை உரிக்க வேண்டும், மற்றதற்கு மட்டையும் ஓடும் நீக்கி உள்ளே போக வேண்டும். கேட்கிறவருக்கு இது போதும். எந்தப் பிள்ளைக்கு மட்டை உரிக்கிற பொறுமை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆசிரியருக்கு இது உதவாது. அதைப் பிள்ளையின் மூச்சிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

பழைய திருநெல்வேலிச் சீமைக்கு இந்த விஷயத்தில் ஒரு பாக்கியம். ஒரே சாமிக்கு, ஒரே மலைக்கு, கொஞ்சமும் ஒத்துப்போகாத இரண்டு சுபாவங்கள் பாடிவைத்துப் போயிருக்கின்றன. மலை கழுகுமலை. பாடியவர்கள் முத்துசுவாமி தீட்சிதரும் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரும்.

தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்து, 1835 தீபாவளியன்று அங்கேயே மறைந்தார். இந்தப் பக்கத்துக் கோயில்கள் அவர் பாட்டில் வரிசையாக வருகின்றன. நெல்லைக் காந்திமதி அம்மனுக்கு ஹேமவதி, கல்லிடைக்குறிச்சி ஆதிவராகருக்கு ஆபோகி, கழுகுமலை முருகனுக்கு இன்று சுத்த தன்யாசியில் பாடப்படும் ‘சுப்ரமண்யேன ரக்ஷிதோஹம்’. ரெட்டியார் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். அவருடைய காவடிச் சிந்து, கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்களின் வாயில் ஏறியது. முப்பது வயதைத் தொடாமலே 1891-ல் போய்விட்டார்.

காவடிச் சிந்தை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் வராது. அனுபவப்பட்ட ஆசிரியர்கள் பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஒரு கை தோளருகே, காவடித் தண்டைப் பிடித்த மாதிரி. வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்துகொண்டே பாட வேண்டும். கால் தரையில் விழுகிற இடமும் எதுகை விழுகிற இடமும் ஒன்றாகும்போது, அதுவரை தாளம் தவறிக்கொண்டிருந்த பையன் சட்டென்று சரியாகிவிடுவான். மூச்சு எங்கே எடுப்பது என்று அவனுக்குச் சொல்லவே வேண்டாம். அடுத்த அடி வைக்கும்போது மூச்சு தானாக வந்துவிடும். துறுதுறுவென்று இருக்கிற, ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாத பிள்ளைகளுக்கு ரெட்டியார் சொந்தத் தாய்மாமன் மாதிரி.

அதே பையனிடம் தீட்சிதரைக் கொடுத்தால் இரண்டாவது ஆவர்த்தனத்தில் திணறுவான். விளம்பத்தில் ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்தி, கமகத்தோடு மெல்ல நகர்த்தி, அடுத்த சொல்லில் சேர்க்க வேண்டும். இடையில் மூச்சு உடைந்தால் சமஸ்கிருதச் சொல்லும் உடைந்துவிடும். வழக்கமாகப் பின்னால் வருகிற மத்யமகால சாகித்தியம் வரைக்கும் அவசரத்தை அடக்கி வைத்திருக்க வேண்டும். இதற்குப் பொருத்தமான பிள்ளை பெரும்பாலும் வகுப்பில் கவனத்துக்கு வராத பிள்ளைதான். பின்வரிசையில் இருக்கும், கேள்வி கேட்காது, வீட்டில் போய் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். தாயார் வந்து குறைப்பட்டுக்கொள்வார்: “டீச்சர், இவ ஒரே பாட்டையே மூணு மாசமாப் பாடிட்டிருக்கா. மேடையில பாடுற மாதிரி ரெண்டு மூணு சொல்லிக் கொடுங்களேன்.” ஆசிரியரின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “இருக்கட்டும்மா. அவளுக்கு அது சலிக்கலையே.”

சலிக்காமல் இருப்பதுதான் பொருத்தத்தின் முதல் அடையாளம்.

நடைக்காகப் பிறந்த இசை ரஷ்யாவிலும் உண்டு. முசோர்க்ஸ்கி 1874-ல் எழுதிய ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ பியானோத் தொகுப்பில், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நடந்துபோவதற்கென்றே ஒரு பகுதி திரும்பத் திரும்ப வரும். இறந்துபோன நண்பர் ஹார்ட்மனின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது. அந்த நடையின் கணக்கு ஐந்தும் ஆறுமாக மாறி மாறி விழுகிறது. காவடிச் சிந்து பாடிப் பழகியவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால், கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டத் தொடங்குவார்கள். ராகம் எட்டவில்லை என்றாலும் கால் எட்டிவிடுகிறது.

சுத்த தன்யாசியில் இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். தீட்சிதர் உருப்படிக்குப் பக்கத்தில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’வை வைப்பது. ராகம் ஒன்று, ஐந்தே சுரங்கள். இரண்டையும் நாலு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிள்ளை எதைப் பாடச் சொல்லாமலே பாடுகிறது என்று கவனித்தால் போதும். தீட்சிதரில் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், பாடுகிறவர் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். பாகவதரில் ஒளிய இடமில்லை. துள்ளலாக எடுத்து, சபையைப் பார்த்துப் பாட வேண்டும். கதாகாலட்சேபம் செய்து பெரிய கூட்டங்களைக் கட்டிப்போட்டவர் அவர்; கேட்பவர் முகத்தைப் பார்க்காமல் அவர் பாட்டைப் பாட முடியாது.

முத்தையா பாகவதரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், தாமிரபரணிக் கரை ஊரைப் பேரோடு சுமந்தவர் என்பதால் மட்டும் இல்லை. 1877-ல் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனாரை இழந்து, சங்கீதம் தேடித் தஞ்சாவூர்ச் சீமைக்குப் போய், சாம்பசிவ ஐயரிடம் பாடம் கேட்டார். மைசூர் அரண்மனையில் சாமுண்டேஸ்வரி மீது கன்னடத்தில் 108 கீர்த்தனைகள் செய்தார். தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று எந்த மொழியையும் விட்டுவைக்கவில்லை. 1930-ல் சென்னை மியூசிக் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை. 1939-ல் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியின் முதல் முதல்வர். 1943-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். 1945-ல் மறைந்தார். மோகனகல்யாணி, வலஜி என்று வழக்கில் இல்லாத ராகங்களை ஒவ்வொன்றாக மேடைக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்.

அவருடைய நிரோஷ்டா ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திமமும் பஞ்சமமும் கிடையாது. ம, ப இரண்டும் உதடு ஒட்டினால்தான் வரும். அவற்றை நீக்கிவிட்டால் சுரம் பாடும்போது உதடு ஒட்டாது. ‘ராஜராஜ ராதிதே’ என்ற கீர்த்தனையின் சாகித்தியத்திலும் அதே விரதம். வகுப்பில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒரு ஈர்க்குச்சியைச் சின்னதாக உடைத்து மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே நிறுத்திப் பாடச் சொல்வதுண்டு. குச்சி விழாமல் பாட்டு முடிகிறதா என்று மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். புதிர், கணக்கு, சொல்விளையாட்டில் ஆசை உள்ள பிள்ளை எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். வீட்டில் போய்த் தானாகவே உதடு ஒட்டாத சொற்களைத் தேடி எழுதிக்கொண்டு வருகிற பிள்ளை பாகவதர் வழிக்காரப் பிள்ளை.

இந்த விளையாட்டு ஆற்றங்கரைக்குப் புதிதும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில், திருநெல்வேலிச் சிந்துபூந்துறையில் இருந்த வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் இலக்கணம் படித்த சிவப்பிரகாசர், திருச்செந்தூர் முருகன் மீது உதடு ஒட்டாத யமக அந்தாதியே பாடிவைத்தார்.

ரஷ்யர்களில் பாகவதருக்கு மிக அருகில் நிற்பவர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்று சொல்லத் தோன்றுகிறது. கடற்படை அதிகாரியாக இருந்தவர். கதை சொல்கிற இசையில் பிரியம். அரபுக் கதைகளை வைத்து 1888-ல் ‘ஷெஹரசாதே’ எழுதினார். சுரக்கட்டுகளை வண்ணங்களாகவே உணர்ந்தார். 1871-ல் பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் பேராசிரியர் ஆனபோது முறையான இசை இலக்கணம் படித்திருக்கவில்லை. மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடத்தை, அவர்களுக்கு ஒரு படி முன்னால் தானே உட்கார்ந்து படித்துக்கொண்டார். பிறகு ஸ்த்ராவின்ஸ்கியே அவரிடம் வந்து படித்தார். வகுப்பு எடுக்கிற எவருக்கும் அந்த வாழ்க்கையைப் படிக்கும்போது மனசு நெகிழும்.

வாழ்க்கைக் கதையை வைத்துப் பொருத்தம் பார்ப்பதில் பெரிய ஆபத்து உண்டு. சாய்கோவ்ஸ்கி என்றால் கண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். 1877-ல் அவருடைய திருமணம் சில வாரங்களில் உடைந்தது, உண்மை. அடுத்த வருடம் 1878-ல் அவர் செய்தது என்ன? வயலின் கன்செர்டோவும், குழந்தைகளுக்கென்று 24 சின்னப் பியானோத் துண்டுகள் அடங்கிய ஒரு தொகுப்பும். பாளையங்கோட்டைக்காரர்களுக்குத் தேவாலயப் பாடகர் குழுவால் மேற்கத்திய சுரக் குறிப்பு பழக்கமானது. அங்கே பியானோ படிக்கிற பிள்ளைகளின் கையில் அந்தத் தொகுப்பிலிருந்து ஒன்றிரண்டு எப்படியும் வந்துசேரும். பொம்மைக்குக் காய்ச்சல் வந்ததற்கு ஒரு துண்டு, புதுப் பொம்மை வந்ததற்கு ஒரு துண்டு. அழுமூஞ்சிப் பிள்ளைக்கு முதல் துண்டுதான் பிடிக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோக வேண்டும். மெதுவாக வாசிக்கிற பொறுமை இருக்கிற பிள்ளை முதலாவதை எடுக்கும், விரல் ஓடுகிற பிள்ளை இரண்டாவதை எடுக்கும். சுபாவத்தை மனசில் தேடுகிறோம், அது பாதிக்கு மேல் உடம்பில் இருக்கிறது.

ரஹ்மானினோவ் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. அவருடைய கை, ஒரு ஸ்தாயியைத் தாண்டி இன்னும் நாலைந்து கட்டைகள் எட்டும். அவர் எழுதியதைச் சின்னக் கைக்காரர் எவ்வளவு உருகினாலும் அப்படியே வாசிக்க முடியாது. சுரங்களைப் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும். நம் பக்கத்தில் கைக்குப் பதில் சுருதி. ஒன்றரைக் கட்டையில் அழகாக நிற்கிற குரலை ஐந்தரைக்கு ஏற்றிவிட்டு, இவளுக்குப் பாவம் போதாது என்று குறை சொல்வது அநியாயம்.

பெரியவர்கள் படிக்க வரும்போது பொருத்தம் வேறு விதமாக அமைகிறது. ஆபீஸ் விட்டு, கடையைச் சாத்திவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறவர்கள். சாதகம் பண்ண நேரம் இல்லை என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். போரோதின் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியர். ஆய்வுக்கூடத்துக்குப் போக முடியாமல் உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்களில்தான் பெரும்பாலும் இசை எழுதினார். மற்றவர் நம்மவர், ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிக்குப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர், தொழிலால் சித்த வைத்தியர். மருந்து விற்ற பணத்தில் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கினார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். கீர்த்தனைகளும் செய்தார். பகலில் மூலிகை, இரவில் சுருதிக் கணக்கு. இந்த இரண்டு பேர் கதையைக் கேட்டபிறகு அந்த ஏழு மணிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

ஒத்துப்போகிற சாகித்தியகர்த்தாவைக் கொடுப்பதா, எதிரானவரைக் கொடுத்துச் சுபாவத்தைத் திருத்துவதா என்று ஆசிரியர்களுக்குள் பேச்சு உண்டு. அவசரக்காரனுக்குத் தீட்சிதரைக் கொடு, அடங்குவான் என்பது ஒரு கட்சி. முதலில் ஒத்துப்போகிறதைக் கொடுப்பதே நியாயம். பாடினால் சந்தோஷம் வரும் என்று பிள்ளைக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு கஷ்டமானதையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதற்கு வழியாகத் தீட்சிதரே வைத்துப்போன படிக்கட்டுதான் நோட்டுஸ்வரங்கள். வெள்ளைக்காரர் பாண்டு மெட்டுகளில் அவர் போட்ட சின்னச் சின்ன சாகித்தியங்கள், கமகம் இல்லாமல் நேராகப் போகிறவை. முத்தையா பாகவதர் செய்து மதுரை மணி ஐயர் ஊரெல்லாம் பரப்பிய ‘இங்கிலீஷ் நோட்’டும் அந்த வகை. கீபோர்டு வாசித்துவிட்டுப் பாட்டுக்கு வருகிற பாளையங்கோட்டைப் பிள்ளைகள் இந்தப் படியில் ஏறித்தான் சங்கராபரணத்துக்குள் வருகிறார்கள்.

யாரோடும் பொருந்தாத பிள்ளை என்று ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். குரல் சுமார், மேடை பயம், சங்கதி எடுத்தால் நழுவும். ஆனால் அதன் நோட்டைத் திறந்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி, தாளக்கோடு எல்லாம் இம்மி பிசகாமல் இருக்கும். ஆசிரியர் போன வருடம் பாடிய சங்கதியும் இந்த வருடம் மாற்றிப் பாடியதும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். இந்தப் பிள்ளைக்கும் ஆள் இருக்கிறார், அதுவும் எட்டயபுரத்திலேயே. சுப்பராம தீட்சிதர், 1839-ல் பிறந்தவர். ஏ.எம். சின்னசாமி முதலியார் வற்புறுத்த, எட்டயபுரம் ஜமீன் செலவு ஏற்க, 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சில் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் 229 அதில் கமகக் குறிகளோடு இருக்கின்றன. தானும் சாகித்தியம் செய்யத் தெரிந்தவர், ஆனாலும் அவர் பேர் நிற்பது இன்னொருவர் பாட்டை எழுதிவைத்த வேலையில். ரிம்ஸ்கி-கோர்சகோவ், போரோதின் பாதியில் விட்டுப்போன ‘இளவரசர் ஈகோர்’ ஆபராவை கிளாசுனோவோடு சேர்ந்து முடித்து 1890-ல் அரங்கேற வைத்ததும் இந்தச் சுபாவத்தில்தான். கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரப்படுத்திப் பகுதி பகுதியாக வெளியிட்டதும் அப்படியே. நவராத்திரிக்கு முந்தின வாரம், நன்றாகப் பாடுகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பின்வரிசை நோட்டைத்தான் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.