நற்பிட்டிமுனை வீதியும் மாரிக்கேற்ற ரயரும்

வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில், கல்முனைப் பகுதியில் துவிச்சக்கர வண்டியை நம்பி வாழ்வோர்க்கு ஒரு வினா எழும்: இம்மாரிக்கு எந்த ரயரை மாட்டுவது? பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில், உறைந்த வீதியிற் செல்வோர் உலோக முளைகள் பதித்த ரயரை மாட்டுவர். முளைகள் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும். நமக்கு வாய்த்தவையோ நீரும் சேறும். எனவே நமது தெரிவும் வேறு. இதனைக் கற்பிக்க நற்பிட்டிமுனை வீதிகளே போதும்.

இங்கிருந்து கிழக்கே கல்முனைப் பட்டினத்துக்குச் செல்வோர்க்குத் தார் வீதி உண்டு. ஈரத் தாருக்கு ஆழ்ந்த வெட்டுகள் கொண்ட ரயரே உகந்ததெனப் பலர் கருதுவர். அது மோட்டார் வண்டிக்குப் பொருந்தும். அதன் அகன்ற ரயர் விரைந்தோடும்போது நீர்ப்படலத்தின் மேல் மிதக்கக்கூடும். வெட்டுகள் நீரை வெளியேற்றும். துவிச்சக்கர வண்டியின் ரயரோ ஒடுங்கி வளைந்தது. நாம் மிதிக்கும் வேகத்தில் நீரைத் தானே விலக்கிவிடும். ஆகவே தார் வீதியிற் பிடிப்பைத் தருவது பெரிதும் இறப்பரின் மென்மையே. வெயிலில் இறுகி, பக்கங்கள் வெடித்த ரயர், வெட்டுத் தேயாதிருந்தாலும் வழுக்கும். 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளால் இறப்பர் நாடாகிய இலங்கையில், நல்ல இறப்பரை இனங்காணாதிருத்தல் நமக்கு அழகன்று.

மேற்கே வயல் வழிகளிற் செல்வோர் கதை வேறு. பெரும்போக வேளாண்மைக் காலத்தில் அங்கே களிமண் சேறு. இடைவெளி விட்டு ஆழ வெட்டிய ரயரே அதற்கு ஏற்றது. நெருங்கிய வெட்டுகளிற் சேறு அடைந்து, ரயர் மொட்டையாகிவிடும். ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே விரல் நுழையும் வெளி வேண்டும். இன்றேல் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். சேற்றிற் காற்றைச் சிறிது குறைத்தல் நன்று. மிகக் குறைத்தால், குழியில் விழும்போது ரியூப் றிம்மில் நசுங்கி ஓட்டையாகும்.

எந்த ரயரை மாட்டினும் பிரேக்கை மறத்தலாகாது. நனைந்த இரும்பு றிம்மைப் பிரேக் கட்டைகள் எளிதிற் பற்றமாட்டா. முன்கூட்டியே மெல்லப் பிடித்து நீரைத் துடைத்துப் பின்னர் அழுத்துக.

இவ்வீதி மேற்கே கிட்டங்கித் தாம்போதியை அடைகின்றது. நாவிதன்வெளிப் பக்கம் செல்லும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விவசாயிகட்கும் அதுவே வழி. பெருமழையில் வெள்ளம் அதன்மேற் பாயும். தளத்தின் விளிம்பு எங்கே, உடைவு எங்கே என்பதை அந்நீர் மறைத்துவிடும். இழுக்கும் நீருக்கு எதிரே நிலைகொள்ளத்தக்க ரயர் எந்நாட்டிலும் இல்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரமே வெள்ளத்தில் அள்ளுண்டது. இளம் உயிர்கள் பல மாண்டன. பாரமான அவ்வியந்திரத்துக்கே அக்கதியெனில், துவிச்சக்கர வண்டி எம்மாத்திரம்?

மாணவச் செல்வங்களே, தாருக்கு மென்மையான இறப்பரையும் சேற்றுக்கு ஆழ்ந்த வெட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடும் நீரைக் கண்டாலோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு செல்லுங்கள். ஒருநாட் பாடத்தை மறுநாள் நாம் சொல்லித் தருவோம்.