கடல் காணாத விமானம்

சேர்வராயன் மலையில், எங்கள் வாழவந்தி மேட்டிலே காப்பி மூட்டை சுமப்போர், மூட்டையைக் கையால் தூக்கி நிறை பார்த்த பின்னரே தோளில் ஏற்றுவர். அமெரிக்கக் கடற்படையின் ஏ-12 விமானத்தின் வரலாற்றைப் படித்தபொழுது அவர்களையே எண்ணினேன்.

1988-இல் மக்டானல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் என்னும் இரு கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பெற்ற அவ்விமானம், முக்கோணச் சிறகே உடலாக, ராடாருக்குப் புலப்படாது, கப்பற்றளத்தினின்று எழுந்து பகைவரைத் தாக்க வேண்டுவதாயிருந்தது. வரைவிலேயே எடை மிகுந்தது. செலவும் காலமும் அதனினும் மிகுந்தன. 1991 ஜனவரி 7-ஆம் நாள், ஒன்றேனும் பறவாமுன்னரே, பாதுகாப்பு மந்திரி டிக் சேனி திட்டத்தை ஒழித்தார். அதுபற்றிய வழக்கு மாத்திரம் 2014 வரை பறந்துகொண்டிருந்தது!

நம் நாட்டுக் கடற்படைத் தேஜஸோ ராடாருக்கு மறையும் வகையன்று. ஆயினும் எடைத் தொல்லை அதனையும் விடவில்லை. 2012 ஏப்ரலில் பறந்த அதனை, 2016-இல் கடற்படையார் ஏற்க மறுத்தனர். நம் பொறியாளர் கைவிட்டாரல்லர். 2020 ஜனவரி 11-இல் அது விக்கிரமாதித்தியா கப்பலில் இறங்க, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பி அதனைப் பற்றி நிறுத்திற்று. மறுநாள், மேல்நோக்கி வளைந்த கப்பல் முகப்பினின்று எழுந்தும் பறந்தது. படையிற் சேராத விமானமேயாயினும், இதற்கான செலவை வீண் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அதனாற் பெற்ற பயிற்சியைக்கொண்டே இரட்டை எஞ்சின் பூண்ட வேறொரு கடல் விமானத்தை இப்பொழுது வரைந்து வருகின்றனர்.