கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்

ஆங்கிலத்தில் 'ஷல்', 'மே', 'மஸ்ட்', 'வுட்' என்று சில துணைவினைகள் உள்ளன. நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பாடம் அது. உண்மையில் தேர்வு மண்டபத்தைவிடப் பயண முகவரின் மேசையில்தான் அப்பாடம் நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன். ஆதலால் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரின் ஒப்பந்தத் தாள்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் தம் மகனின் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தார். சம்பளம், தங்குமிடம் பற்றிய வரிகளில் எல்லாம் 'ஷல்' இருந்தது. இரண்டாண்டு முடிவில் ஊர் வந்து திரும்ப விமானச் சீட்டு என்னும் வரியில் மட்டும் 'மே' இருந்தது. ஒப்பந்தத்தில் 'ஷல்' என்றால் நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். 'மே' என்றாலோ மனம் இருந்தால் கொடுக்கும்.

"டிக்கெட் கொடுக்கலாம்னு போட்டிருக்கு தங்கச்சி" என்றேன்.

"அதான் கொடுக்கலாம்னு சொல்லிட்டாங்களே காக்கா!" என்று அவர் மகிழ்ந்துபோனார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் 'லாம்' அப்படிப்பட்டது. 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. 'மழை வரலாம்' என்றால் ஐயம். 'மே' என்னும் சொல்லுக்கும் அதே இரு முகங்கள் உண்டு. எந்த முகத்திலும் கட்டாயம் மட்டும் இல்லை. மகனை வரவழைத்து விளக்கினேன். அவன் முகவரிடம் சென்று அந்த ஒரு சொல்லை மாற்றித் தரும்படி கேட்டான். எல்லாருக்கும் இதே தாள்தான் என்று பதில் வந்தது. பயணச் செலவைத் தன் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் ஒதுக்க முடியுமா என்று கணக்குப் பார்த்த பின்னரே கையெழுத்திட்டான். சீட்டு இறுதிவரை வரவில்லை. ஆயினும், கடன் வாங்கி ஊர் திரும்பும் நிலை அவனுக்கு ஏற்படவில்லை.

'ஷல்' என்பதும் தெளிவான சொல்லன்று. பள்ளிப் பாடத்தில் அது எதிர்காலம் காட்டும். சட்ட ஏட்டிலோ கட்டளையாகிவிடும். இக்குழப்பம் ஆங்கிலத்தில் சட்டம் எழுதுவோருக்கே அலுத்துப்போயிற்று. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம் கடமைகளைக் கூற 'மஸ்ட்' என்பதைக் கையாண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007இல் புதுப்பித்தபோது 'ஷல்'லைக் களைந்து, இடத்திற்கேற்ப 'மஸ்ட்', 'மே', 'ஷுட்' என்று பிரித்து எழுதினார்கள்.

நம் 'வேண்டும்' மட்டும் என்ன, எளிய சொல்லா? 'எனக்கு விடுமுறை தர வேண்டும்' என்பது தமிழில் பணிவான விண்ணப்பம். அதையே 'மஸ்ட்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் மேலதிகாரியை அதட்டுவதாக முடியும். அங்கே 'வுட்', 'குட்' என்று வளைந்துதான் கேட்க வேண்டும். 'மஸ்ட் நாட்' என்பதற்கும் 'நீட் நாட்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கக் கூடாது என்பது வேறு, ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது வேறல்லவா?

'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்களுக்கு நம் பிள்ளைகள் அஞ்சுவதுதான் எனக்குப் பெரும் வியப்பு. 'எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது, இல்லாத சிறகுக்கு 'ஹேட்' என்ற இறந்தகாலம் எதற்கு என்று கேட்கிறார்கள். 'நாளை மழை பெய்தால்' என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே! 'பெய்தது' என்பதிலுள்ள இறந்தகால அடிதானே 'பெய்தால்' என்பதிலும் உள்ளது? 'வந்தால்', 'கேட்டால்', 'இருந்தால்' யாவும் அவ்வாறு அமைந்தவையே. ஆங்கிலம் நடக்கக்கூடியதற்கு நிகழ்காலத்தையும், வெறும் கற்பனைக்கு இறந்தகாலத்தையும் பிரித்து வைத்துக்கொண்டது. வேறுபாடு அவ்வளவே.

அரபு மொழியும் இதில் நம் பக்கம்தான். நாளைய செயலைப் பற்றிப் பேசும்போது 'இன்ஷா அல்லாஹ்' என்கிறோம். அதில் 'இன்' என்பது நிபந்தனைச் சொல். 'ஷாஅ' என்பதோ 'நாடினான்' என்னும் இறந்தகால வினை. இரண்டும் சேர்ந்து 'நாடினால்' ஆகிறது. மதரஸாவில் ஸர்ஃபு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நாடினான், நாடினால் என்று தமிழில் எழுதிக் காட்டினால், கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது என்பதை அவனே கண்டு சொல்வான்.