எஃகில் பதியும் பொன்

டமாஸ்கினாடோ என்பது எஃகுத் தகட்டின் மேல் பொன்கம்பியும் வெள்ளிக்கம்பியும் பதித்துச் சித்திரம் செய்யும் வேலை. பற்றவைப்பு கிடையாது, பசை கிடையாது, பொன்னை உருக்குவதும் கிடையாது. குளிர்ந்த கம்பியைக் குளிர்ந்த எஃகின் மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி உட்காரவைக்கிறார்கள். கடைசியில் எஃகு கறுக்கிறது, பொன் மட்டும் ஒளிர்கிறது. ஸ்பெயினில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர் டொலேடோ.

மத்ரித்துக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்தோடும் ஒரு கருங்கல் குன்றின் மேல் இருக்கிறது இந்த ஊர். மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் அரைமணி நேரப் பயணம். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருபவர் அல்காந்தரா பாலத்தைக் கடந்து மேலே ஏற வேண்டும். பாலம் ரோமர்கள் போட்டது, பெயர் அரபு. அல்காந்தரா என்றாலே அரபில் பாலம்தான். மேலே சென்று சேரும் சதுக்கத்தின் பெயர் சோகோதோவேர். அது 'கால்நடைச் சந்தை' என்னும் அரபுத் தொடரின் திரிபு. அங்கிருந்து கிளைவிடும் தெருக்கள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகியவை. யுனெஸ்கோ 1986இல் இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆறாம் நூற்றாண்டில் விசிகோத் அரசர்களின் தலைநகரமாக இருந்த ஊர், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் வசம் வந்தது. 1085இல் காஸ்தில் அரசர் ஆறாம் அல்போன்சோ அதைக் கைப்பற்றினார். ஆட்சி கிறிஸ்தவர்களிடம் போன பிறகும் முஸ்லிம்களும் யூதர்களும் பல தலைமுறைகள் அங்கேயே வாழ்ந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவரும் பெரும் பணி இங்கே நடந்தது. இத்தாலியிலிருந்து வந்த கெரார்து, தாலமியின் வானியல் நூலை அரபிலிருந்து லத்தீனாக்கியது இந்த ஊரில்தான். சுற்றுலாக் கையேடுகள் டொலேடோவை 'மூன்று பண்பாடுகளின் நகரம்' என்று அழைப்பதற்குக் காரணம் இந்தக் காலம். அந்த அடைமொழி பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 1391இல் யூதர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 1492இல் மதம் மாற மறுத்த யூதர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். கட்டாயத்தின்பேரில் கிறிஸ்தவர்களாகிய முஸ்லிம்களின் வழிவந்தவர்களை 1609 தொடங்கி ஐந்தாண்டுகளில் வெளியேற்றினார்கள். மூன்றில் இரண்டு பண்பாட்டின் மக்கள் இன்று ஊரில் இல்லாமல் போனது இப்படித்தான். அவர்கள் கைப்பழக்கம் மட்டும் செங்கல்லிலும் சுதையிலும் உலோகத்திலும் தங்கிவிட்டது.

கட்டடங்களில் அதை எளிதாகப் பார்க்கலாம். 999இல் கட்டிய சின்னஞ்சிறு பள்ளிவாசல் ஒன்று இன்று 'ஒளியின் கிறிஸ்து' என்ற பெயரில் நிற்கிறது. அதன் முகப்பில் செங்கற்களையே எழுத்தாக அடுக்கிய அரபுக் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே ஒன்பது சிறு கவிகைகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. 'வெள்ளை மரியா' என்று இன்று அழைக்கப்படும் தேவாலயம் யூதர்களின் தொழுகைக்கூடமாகக் கட்டப்பட்டது. அதன் குதிரைலாட வளைவுகளைப் பார்ப்பவருக்கு அது பள்ளிவாசலாகத்தான் தோன்றும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசரின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹலேவி கட்டிய எல் டிரான்சிடோ தொழுகைக்கூடத்தின் சுவர்ச் சுதையில் எபிரேய எழுத்தும் அரபு எழுத்தும் கலந்து ஓடுகின்றன. கிறிஸ்தவ அரசில், யூதருக்காக, முஸ்லிம் மரபுக் கொத்தர்கள் செய்த வேலை அது. டமாஸ்கினாடோவில் நட்சத்திரமும் முடிச்சுமாகப் பின்னிக்கொண்டு போகும் கோலங்களைப் புரிந்துகொள்ள இந்தச் சுவர்களை முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது. இரண்டும் ஒரே கணக்கு.

பெயர் டமாஸ்கஸ் நகரத்திலிருந்து வந்தது. அதனாலேயே ஒரு குழப்பமும் உண்டு. டமாஸ்கஸ் வாள் என்று புகழ்பெற்றதில் அலையலையாகத் தெரியும் வரி எஃகின் உள்ளிருந்தே வருவது. அத்தகைய உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்காசியாவுக்குப் போயின. தமிழகத்தில் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் மூசையில் உருக்கு செய்ததற்கான சான்றுகள் கிடைத்திருக்கின்றன. டமாஸ்கினாடோ அது அல்ல. இதில் எஃகுக்குள் எந்தச் சித்திரமும் இல்லை, மேலே பதிப்பதுதான் எல்லாம். ஸ்பானிய மொழியில் இந்த வேலைக்கு 'அதௌஹீயா' என்று பழைய பெயர் ஒன்றும் உண்டு, அதுவும் அரபு வேரிலிருந்து வந்ததே. இதே முறையை உதயப்பூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் கோஃப்த்கரி என்கிறார்கள், வாளின் கைப்பிடியிலும் கட்டாரியிலும் செய்கிறார்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்து வேலைக்குத் துணி நெசவைக் குறிக்கும் பெயர் இருக்கிறது. ஏன் நெசவு என்பது பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் உடனே விளங்கும்.

பட்டறை என்றால் பெரிய இடம் வேண்டியதில்லை. ஜன்னலோரமாக ஒரு மேசை, குனிந்த விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, வரிசையாகச் சிற்றுளிகளும் முளைகளும், கைக்கு அடக்கமான ஒரு சுத்தி. அறையில் பேச்சு குறைவு. டிக் டிக் என்று ஒரே சீரான சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். தகடு கையில் நில்லாது என்பதால் அதைக் கட்டையின் மேல் கீல் போன்ற பிசினில் சூடாக்கி ஒட்டிக்கொள்கிறார்கள். நம்மூர்ப் பத்தர்கள் அரக்கில் பதித்து வேலை செய்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

முதல் வேலை கீறல். கூர்மையான எஃகு முனையால் தகட்டின் முகம் முழுதும் ஒரே திசையில் நெருக்கமாகக் கோடு இழுக்கிறார்கள். பிறகு தகட்டைத் திருப்பிக் குறுக்கே இன்னொரு வரிசை, சிலர் மூன்றாவது சாய்விலும் ஒரு வரிசை. வெறுங்கண்ணுக்கு எஃகின் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் ஆகும், அவ்வளவுதான். கண்ணாடி வைத்துப் பார்த்தால் நெருங்க நெய்த துணியின் பாவும் ஊடும் போலத் தெரியும். ஒவ்வொரு கீறலும் எஃகைச் சிறிது பிதுக்கி ஓரத்தில் நுண்ணிய பிசிறுகளை எழுப்புகிறது. அந்தப் பிசிறுகள்தான் பின்னால் பொன்னைப் பிடித்துக்கொள்ளப் போகின்றன. கீறல் ஆழமானால் மெல்லிய பொன்னுக்கு மேலே தெரிந்துவிடும், மேலோட்டமாகப் போனால் பிடிப்பு இருக்காது. பார்க்க வருபவர்கள் பொன் பதிப்பதைக் காணத்தான் காத்திருக்கிறார்கள், கீறல் அவர்களுக்குச் சலிப்பு. ஆனால் இந்தக் கைவேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. அது சரியில்லாவிட்டால் மேலே எத்தனை நல்ல சித்திரம் வந்தாலும் நாளடைவில் கம்பி பெயர்ந்துவிடும்.

அடுத்தது பதிப்பு. 24 காரட் பொன்னை முடியளவு மெல்லிய கம்பியாக இழுத்தும், தாள் போல் தட்டிய தகடாகவும் வைத்திருக்கிறார்கள். கலப்பில்லாத பொன்னைத் தேர்ந்தெடுப்பது பகட்டுக்காக அல்ல. கலப்பு சேரச் சேரப் பொன் இறுகும், இறுகிய பொன் பிசிறுகளுக்குள் இறங்காது. கைவினைஞர் இடது கை விரலால் கம்பியை வழிகாட்டிக்கொண்டே போக, வலது கை மழுங்கிய முளையால் அதை அழுத்துகிறது. கம்பி வளைகிறது, கிளை விடுகிறது, இலை நுனியில் சுருண்டு நின்று அறுபடுகிறது. பழகியவர்கள் வரைகோடு அதிகம் போட்டுக்கொள்வதில்லை. விரல் நகரும் திசையில் கொடி படர்கிறது. அகலமான பரப்பு வேண்டிய இடத்தில் தகட்டை வெட்டி வைக்கிறார்கள், ஓரக் கோடுகளுக்கு வெள்ளிக்கம்பி. எல்லாம் உட்கார்ந்த பிறகு சுத்தியும் முளையுமாக முழுதும் மீண்டும் ஒருமுறை தட்டி இறுக்குகிறார்கள்.

இந்தக் கட்டத்தில் பொருளைப் பார்த்தால் ஏமாற்றமாகவே இருக்கும். சாம்பல் எஃகின் மேல் மஞ்சள் கம்பி மங்கலாகக் கிடக்கும், சித்திரமும் பின்புலமும் பிரியாது. பிரித்துக் காட்டுவது 'பவோனாடோ'. ஸ்பானிய மொழியில் பவோன் என்றால் மயில். எரிசோடாவும் வெடியுப்பும் கரைத்து, 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் கரைசலில் தகட்டை முக்குகிறார்கள். எஃகின் மேற்பரப்பு ஆக்சைடாக மாறி முதலில் பழுப்பாகி, பிறகு நீலம் ஓடிய கறுப்பாகிறது. பட்டுப்புடவைக் கடையில் மயில்கழுத்து என்று கேட்டு வாங்குபவர்களுக்கு அந்த நீலத்தை விளக்க வேண்டியதில்லை. பொன்னை இந்தக் கரைசல் தீண்டுவதில்லை. தகட்டை வெளியே எடுத்துக் கழுவும்போது, அதுவரை ஒளிந்திருந்த சித்திரம் ஒரே நொடியில் எழுந்து வருகிறது. நாள்தோறும் இதைச் செய்பவர்களும் அந்த நொடியில் கையை நிறுத்திப் பார்க்கத்தான் செய்கிறார்கள். இந்தக் கறுப்பு எஃகைத் துருவிலிருந்தும் ஓரளவு காக்கும். அழகுக்காக மட்டும் வந்த முறை அல்ல அது, ஆயுதக்காரர்களிடமிருந்து வந்தது.

கறுத்த பிறகும் வேலை முடிவதில்லை. பறவையின் இறகுக்குக் கோடு, இலைக்கு நரம்பு, பூவுக்குக் குழிவு என்று சிற்றுளியால் பொன்னின் மேலேயே நுணுக்கம் சேர்க்கிறார்கள். இதற்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டும். பிறகு அகேட் கல் முனையால் தேய்த்து மெருகு.

கோலங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 'அராபிய' வகை: நட்சத்திரம், பலகோணம், முடிவில்லாமல் பின்னும் பட்டை. மற்றது 'மறுமலர்ச்சி' வகை: கொடி, பூ, பறவை. ஒரே கைவினைஞர் காலையில் ஒன்றும் மாலையில் மற்றதும் செய்கிறார். தட்டின் நடுவில் பறவையும் விளிம்பில் அராபியப் பட்டையுமாக இரண்டும் சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

இன்று கடைகளில் இதை அரேபியர் விட்டுச்சென்ற அறுபடாத மரபாகச் சொல்லி விற்கிறார்கள். நடந்தது அவ்வளவு நேர்கோடு அல்ல. ஸ்பெயினில் தேய்ந்துபோயிருந்த இந்த வேலையை 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் உயரத்துக்குக் கொண்டுபோனவர்கள், வடக்கே பாஸ்க் நாட்டில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்பெற்ற எய்பார் ஊரின் சுலோவாகா குடும்பத்தார். ஆயுதக் கலைஞர் எவ்செபியோ சுலோவாகாவின் மகன் பிளாசிதோ (1834–1910) துப்பாக்கி, வாள் என்ற எல்லையைத் தாண்டிப் பேழையும் பூச்சாடியும் செய்தார். கொலையுண்ட தளபதி பிரிமின் கல்லறையே 1875இல் அவர் கையால் எஃகும் பொன்னுமாக உருவானது. ஓவியர் இக்னாசியோ சுலோவாகா அவர் மகன். டொலேடோவில் மூன்றாம் கார்லோஸ் அரசர் 1761இல் ஏற்படுத்திய அரச ஆயுதத் தொழிற்சாலை இந்த வேலைக்கு ஆளும் கருவியும் தந்தது. ஆர்துரோ மெலிதா வடிவமைத்த கலை, தொழிற்பள்ளி அதைப் பாடமாக்கியது. மரபு அறுந்தும் ஒட்டியும் வந்தது என்பதால் அதன் மதிப்பு குறையவில்லை. மறுபடி எடுத்துக் கற்றவர்களின் உழைப்பு அதில் கூடியிருக்கிறது.

எஃகு இந்த ஊருக்குப் புதிதல்ல. ரோமானியக் கவிஞர் கிராட்டியஸ் டொலேடோக் கத்தியைக் குறிப்பிட்டிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுதும் டொலேடோ வாளைக் கேட்டு வாங்கியது. உள்ளே மென்மையான இரும்பு, வெளியே கடினமான எஃகு என்று சேர்த்தடித்த அலகு வளையும், ஒடியாது. ஒவ்வொரு கொல்லரும் தம் முத்திரையை அலகில் குத்தினார். 18ஆம் நூற்றாண்டில் பாலோமாரஸ் என்பவர் அத்தகைய கொல்லர்கள் 99 பேரின் முத்திரைகளைத் தொகுத்தார். அவற்றில் ஹூலியான் தெல் ரேயின் முத்திரை நாய்க்குட்டி. அவர் கிரானடாவின் முஸ்லிம் அரசருக்கு வாள் செய்தவர், பின்பு மதம் மாறினார் என்பது வழிவழிச் செய்தி. செர்வாந்தெஸின் 'தோன் கிஹோத்தே' நாவலிலும் நாய்க்குட்டி வாள் வருகிறது. ஆற்றங்கரையில் இருக்கும் ஆயுதத் தொழிற்சாலையின் கட்டடம் இப்போது பல்கலைக்கழக வளாகம்.

ஊரில் இன்று காதுத் தோடு, பொத்தான், காகிதக்கத்தி, தட்டு என்று டமாஸ்கினாடோ இல்லாத கடைத்தெரு இல்லை. கையால் செய்யும் பட்டறைகள்தாம் குறைந்துவிட்டன. அச்சில் அழுத்திப் பொன்முலாம் பூசிய பொருள் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் வருகிறது. கையால் செய்த சிறு பதக்கம் ஒன்று பல மணி நேரத்தைத் தின்கிறது. இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் அருகருகே கிடக்கும்போது, விலைச்சீட்டை மட்டும் பார்ப்பவர் எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுதும் குனிந்திருப்பதால் கழுத்தும் முதுகும் வலிக்கின்றன, கண் சோர்கிறது. கை தேறச் சில ஆண்டுகள் பிடிக்கும் வேலைக்கு இளையவர்கள் தயங்குவதில் குற்றம் காண முடியாது. தயக்கத்தை மீறி வந்து உட்காரும் சிலரிடம்தான் இந்தக் கை மிஞ்சியிருக்கிறது.

வாங்க நினைப்பவர் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம், நல்ல பட்டறையில் மறுக்கமாட்டார்கள். அச்சுப் பொருளில் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனாக, ஒரே உயரத்தில், பிசகில்லாமல் இருக்கும். கைவேலையில் ஒரு சுருள் அடுத்த சுருளைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும், கம்பி முடியும் இடத்தில் உளி பட்ட தடம் தெரியும். பொன்னின் ஓரத்தைக் கூர்ந்து பார்த்தால், கறுப்புக்கு அடியில், முதலில் இழுத்த அந்தக் கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் இருக்கும்.