எந்த முகத்தோடு எழுதுவது?

வருஷத்துக்கு ஒரு நாள் என் தகப்பனார் டெலிவிஷன் லைசென்ஸுக்காகத் தபாலாபீஸில் 50 ரூபாய் கட்டிவிட்டு வருவார். வந்ததும் முதல் காரியம், நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதுவது: "ஐயா, இன்று பணம் செலுத்தியிருக்கிறேன். வாரம் ஒரு முறையாவது நாகஸ்வரக் கச்சேரி வேண்டும்." பதில் வந்ததா என்று கேட்கிறீர்களா? அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கேட்டாயிற்று, அவ்வளவுதான்.

1985-ல் சர்க்கார் லைசென்ஸையே எடுத்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும், "இனிமேல் எந்த முகத்தோடு கார்டு எழுதுவது?" என்றார்.

நான் சிரித்தேன். 1976-லிருந்தே விளம்பரம் வருகிறது, மீதிக்கு வரிப்பணம், அதுவும் நம் பணந்தானே என்றேன்.

"அது பாலத்தோடும் கலெக்டர் சம்பளத்தோடும் கலந்துபோன பணம்டா. என்னுடையது எது என்று காட்டு, பார்ப்போம்!"

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிலாந்தில் டெலிவிஷன் பார்க்கிற வீடுகள் இன்னும் கட்டணம் செலுத்துகின்றன. 2025 ஏப்ரலில் அது 174.50 பவுன் ஆயிற்று. பிரபுவுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பின்லாந்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2013 முதல் வருமானத்துக்குத் தக்கபடி, ஒலிபரப்புக்கென்று பெயர் சொல்லியே தனி வரி வாங்குகிறார்கள். சொற்ப வருமானக்காரருக்கு அதுவும் இல்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். லைசென்ஸ் புத்தகம் இருந்தது. அதற்குள் எழுதாத கார்டுகள் ஏழெட்டு.